புது வீட்டு வாசனை என்று நினைத்தோம். பாப்பாவுக்கு ஒன்றரை மாதமாகக் கண் எரிச்சல், இரவு இருமல்

நல்லம்பள்ளி_அப்பா
ஏப்ரல் 3, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி, நல்லம்பள்ளிப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டித் தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். தேதி குறித்துப் பத்திரிகையும் கொடுத்துவிட்டதால் மரவேலை கடைசி வாரம் ராத்திரி பகலாக நடந்தது. பால் பொங்கிய அன்று காலையில்கூட நிலைக்கதவில் பாலிஷ் காயவில்லை. மாவிலைத் தோரணத்தில் ஒரு இலை அதில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தடம் இன்னும் இருக்கிறது.

பாப்பாவுக்கு ஐந்து வயது. அவளுக்கென்று பத்துக்குப் பதினொன்றில் ஒரு அறை. ஒரு சுவர் முழுக்கக் கப்போர்டு, மேலே லாஃப்ட், படிக்க மேசை, கீழே பெட்டி வைத்த கட்டில். எல்லாம் எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு என்ற அழுத்திச் செய்த பலகைகள். ஏசி போட்டுக் கதவை மூடித் தூங்கவைக்கிறோம். வந்த இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் எழும்போது கண் சிவந்திருக்கிறது. விடியற்காலை மூன்று, மூன்றரைக்கு வறட்டு இருமல். டாக்டர் அலர்ஜி என்று சொல்லி சிரப் கொடுத்தார். குடித்தால் கொஞ்சம் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறொரு விஷயம். சனிக்கிழமை பென்னாகரத்தில் அம்மா வீட்டுக்குப் போனால் இருமலே கிடையாது. நாட்டு ஓடு போட்ட வீடு, வாசலில் மாடு, தூசிக்கும் குறைவில்லை. ஞாயிறு இரவு திரும்பினால் திங்கள் விடியற்காலை இருமல் ஆரம்பம். மூன்று வாரம் பார்த்துவிட்டேன், மூன்று வாரமும் இப்படித்தான். வீடே காரணமாக இருக்குமா? இருபது வருடக் கடன் போட்டுக் கட்டியது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_வாடகைவீடு
ஏப்ரல் 3, இரவு 11:15

அண்ணா, எங்களுக்கும் இதே கதைதான். ஓசூரில் புது அடுக்குமாடியில் முதல் குடித்தனம் நாங்கள்தான். நவம்பர், டிசம்பரில் இங்கே குளிர் தெரியுமே, ஜன்னலைத் திறக்கவே மாட்டோம். எனக்குத் தினமும் சாயங்காலம் தலைவலி. அலுவலக வேலை என்று நினைத்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து கதவைத் திறந்தபோதுதான் உறைத்தது. உள்ளே நின்ற காற்று மூக்கில் ஊசி குத்தியது போல ஏறியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தக் காற்றில்தான் இரண்டு மாதம் சமைத்துத் தூங்கி எழுந்திருக்கிறோம். மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். வாசனை இல்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். வெளியே ஒரு நாள் இருந்துவிட்டு வந்து, கப்போர்டைத் திறந்து முகத்தை உள்ளே வைத்துப் பாருங்கள்.

பாலக்கோடு_தக்காளி
ஏப்ரல் 4, காலை 6:30

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நம் அம்மாக்கள் விறகடுப்புப் புகையில் நாற்பது வருடம் சமைத்தார்கள். இப்போது தெருவுக்குப் பத்து வீட்டில் இதே பலகைக் கப்போர்டு இருக்கிறது, எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பாப்பாவுக்கு ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ராத்திரி கொசுவர்த்தி ஏற்றுகிறாயா? அதை முதலில் பார். வீட்டை இடிக்கும் அளவுக்குப் போகாதே.

காவேரிப்பட்டணம்_தச்சர்
ஏப்ரல் 4, மதியம் 1:50

அண்ணன் சொன்ன கொசுவர்த்தி சரியான கேள்வி, அதற்கு வருகிறேன். நான் இருபத்திரண்டு வருடமாக மரவேலை செய்கிறேன். எம்.டி.எஃப் அறுக்கும்போது என் கண்ணே எரியும். அதனால் இதைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறேன்.

பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளும் சீவலும், எம்.டி.எஃப் என்பது பஞ்சு மாதிரி அரைத்த மரநார். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது பசை. பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. விலை குறைவு, சீக்கிரம் இறுகும், நிறமும் வெளுப்பு. ஆனால் இறுகிய பிறகும் அது முழுக்க அடங்காது. காற்றில் ஈரமும் சூடும் ஏறினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். முதல் சில மாதங்களில் அதிகம், பிறகு குறையும். ஆனாலும் வருடக்கணக்கில் கொஞ்சம் வரும். ஆஸ்பத்திரியில் உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் இதே ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரைந்ததுதான். நாம் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. அதைப் படித்துப் பயந்துபோக வேண்டாம். ஒரு கப்போர்டால் புற்றுநோய் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. எவ்வளவு, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்தது அது. கண், மூக்கு, தொண்டை எரிச்சல் மட்டும் உடனே வரும். வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அதே நிறுவனம் 2010-இல் அளவு வைத்திருக்கிறது. அரை மணி நேரச் சராசரிக்கே அந்த அளவு.

அமெரிக்காவில் கத்ரீனா புயல் 2005-இல் அடித்த பிறகு, வீடிழந்தவர்களைச் சக்கரம் வைத்த தற்காலிக வீடுகளில் குடிவைத்தார்கள். உள்ளே முழுக்க இந்த மாதிரிப் பலகைதான். கண் எரிச்சல், மூச்சுத்திணறல் என்று ஜனங்கள் சொல்லிச் சொல்லி, கடைசியில் 2007 டிசம்பர், 2008 ஜனவரியில் 519 வண்டிகளில் காற்றை அளந்தார்கள். சராசரி 77 பிபிபி (நூறு கோடிப் பங்கு காற்றில் 77 பங்கு), அதாவது உலக சுகாதார நிறுவன அளவை ஒட்டியே இருந்தது. பல வண்டிகளில் அதைவிட மிக அதிகம். அதுவும் குளிர்காலத்தில் அளந்தது. நம்மூர் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே மூடிய அறையில் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கப்போர்டின் முன்பக்கம் மைக்கா ஒட்டியிருப்பார்கள். அது வாயுவைத் தடுக்கும். உள்ளே பாருங்கள். பின்பலகை, தட்டின் அடிப்பக்கம், சுவரை ஒட்டிய ஓரம், கீல் பொருத்தத் தோண்டிய குழி, வயர் போகப் போட்ட ஓட்டை, இதெல்லாம் மேலே எதுவும் ஒட்டாத பச்சைப் பலகையாகவே இருக்கும். அவசரத்தில் செய்த வேலையில் கட்டாயம் இருக்கும். சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, தேதி நெருக்கினால் நானும் கண்ணில் படாத இடத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். டார்ச் அடித்துப் படம் எடுத்துப் போடுங்கள் அண்ணா.

நல்லம்பள்ளி_அப்பா
ஏப்ரல் 4, இரவு 9:20

பார்த்தேன் அண்ணா. லாஃப்ட்டின் உள்பக்கம் முழுக்கப் பச்சைப் பலகை. கட்டில் பெட்டியின் உள்ளேயும் அப்படியே, பாப்பா தலை வைக்கும் பக்கம் உட்பட. தட்டுகளின் பின்னோரத்தில் விரலை வைத்தால் தூள் ஒட்டுகிறது. ஓசூர் அக்கா சொன்னபடி முகத்தை உள்ளே விட்டேன், ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை. அவளுடைய பள்ளிச் சீருடையையே முகர்ந்து பார்த்தேன், துணியிலும் அந்த நெடி ஏறியிருக்கிறது.

பாலக்கோடு அண்ணனுக்கு: ஆமாம், கொசுவர்த்திச் சுருள் தினமும் ஏற்றுகிறோம். மூடிய அறையில்தான்.

காரிமங்கலம்_செவிலி
ஏப்ரல் 4, இரவு 10:05

தம்பி, இன்றைக்கே அதை நிறுத்துங்கள், கொசுவலை கட்டுங்கள். சுருள் எரியும் புகையிலும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, நுண்துகளும் ஏராளம். பலகையிலிருந்து வருவது போதாதென்று இதுவும் சேர்கிறது. பாலக்கோடு அண்ணா, நீங்கள் சரியான இடத்தில்தான் கை வைத்தீர்கள். ஆனால் விறகடுப்பில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புகையில் சமைத்துச் சமைத்து நுரையீரல் கெட்டுப்போன அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன். இரண்டு படி ஏறினால் இளைப்பு, ஐம்பது வயதிலேயே.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது யாருக்காவது கண்ணில் தெரிந்ததா, நாக்கில் தெரிந்ததா? பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிறகுதான், பெரியவர்களுக்கு முதுகு வளைந்த பிறகுதான் தெரிந்தது. ஒகேனக்கல் குடிநீர் வந்தது 2013-இல். அதற்கு முன்னால் எத்தனை தலைமுறை குடித்தது! காற்றில் இருப்பதும் அப்படித்தான்.

ஒரு நோட்டு போடுங்கள். பாப்பா எந்த அறையில் தூங்கினாள், ஜன்னல் திறந்திருந்ததா, எத்தனை மணிக்கு இருமினாள் என்று இரண்டு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். வெறுமனே "அலர்ஜி" என்று போவதைவிட இது அவருக்கு ரொம்ப உதவும். மூச்சில் விசில் சத்தம் கேட்டால், விலா எலும்பு உள்ளே இழுத்தால் காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள். சிரப்பை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். பழைய கதவோ ஜன்னலோ எடுத்துப் போட்டீர்களா?

நல்லம்பள்ளி_அப்பா
ஏப்ரல் 4, இரவு 10:31

போட்டிருக்கிறோம் அக்கா. தாத்தா வீட்டுத் தேக்குக் கதவு ஒன்றை, பச்சைப் பெயின்டைச் சுரண்டி உப்புத்தாள் போட்டுப் பூஜை அறைக்கு வைத்தோம். ஏன் கேட்கிறீர்கள்?

காரிமங்கலம்_செவிலி
ஏப்ரல் 4, இரவு 10:58

அந்தத் தூள் எங்கே போனது என்பதற்காகத்தான். பழைய எனாமல் பெயின்டில், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பில், ஈயம் நிறைய இருக்கும். வீட்டுப் பெயின்டில் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. இப்போது வாங்கும் டப்பாவில் அந்த வரி அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் தாத்தா காலத்துக் கதவுக்கு எந்த விதியும் கிடையாது. உப்புத்தாள் போட்ட தூள் தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஈயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஒரு அளவே கிடையாது. மூளை வளர்ச்சியைத்தான் பிடிக்கும், காய்ச்சல் மாதிரி வெளியே காட்டாது. வெளியில் வைத்துச் சுரண்டியிருந்தால் நல்லது. உள்ளே என்றால் துடைப்பம் போடாதீர்கள், தூள் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். பாப்பாவுக்கு ரத்தத்தில் ஈயப் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஊர் முழுக்க இந்த வேலை நடக்கிறது. சுரண்டுபவர் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டுவதில்லை.

தொப்பூர்_மலைக்காற்று
ஏப்ரல் 5, காலை 8:12

பாம்புச்செடி, மணி பிளான்ட் நாலு வாங்கி வைத்தால் இதையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று படித்தேன். நாசாவே சொன்னதாமே?

காவேரிப்பட்டணம்_தச்சர்
ஏப்ரல் 5, காலை 8:50

1989-இல் நாசா செய்தது காற்றுப் போகாத சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள். வீட்டுக்குள் அதே அளவு சுத்தமாக வேண்டுமென்றால் நடக்க இடமில்லாமல் செடி அடுக்க வேண்டும். அழகுக்கு வையுங்கள், மருந்துக்கு ஜன்னலைத் திறங்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல். நம் பழைய வீட்டில் கூரைக்குக் கீழே வென்டிலேட்டர் வைத்தது சும்மா இல்லை, சூடான காற்று மேலே ஏறி வெளியே போக ஒரு வழி. இப்போது ஏசி வைக்க அதை அடைத்துவிடுகிறோம். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

பர்கூர்_கல்வேலை
ஏப்ரல் 5, இரவு 7:40

குடியிருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், கட்டுபவர்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கிரானைட் போடுகிறேன். கிருஷ்ணகிரிக் கல் எங்கெல்லாமோ போகிறது, எங்கள் ஊரில் அது இல்லாத சமையல் மேடை இல்லை. போட்ட பிறகு கல் ஒன்றும் செய்யாது. அறுக்கும் அரை மணி நேரம்தான் விஷம். சமையலறைக்குள்ளேயே உட்கார்ந்து சிங்க் ஓட்டைக்குக் கட்டிங் மெஷின் போட்டால் வெள்ளைப் புகை மாதிரித் தூசி எழும். அதில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசிதான் நுரையீரல் அடிவரை போய்த் தங்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நுரையீரல் நோய் வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் இப்போது கட்டிலில் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்குகிறார். ஐம்பத்தொரு வயது. கல்லில் தண்ணீர் ஊற்றி அறுத்திருந்தால் தூசியில் முக்கால்வாசி எழும்பியே இருக்காது. ஒரு ஆள் பாட்டிலில் ஓட்டை போட்டுப் பிளேடில் ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். "டைல்ஸ் நனையும், சேறாகும், ஈரம் வேண்டாம்" என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள், நாங்களும் சரி என்று விடுவோம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வெளியில் வைத்து, ஈரமாக அறுக்கச் சொல்லுங்கள்.

இப்போது குவார்ட்ஸ் மேடை என்று செயற்கைக் கல் வந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி சிலிக்காதான். ஆஸ்திரேலியாவில் அதை அறுத்த சின்ன வயது ஆட்களுக்கே நோய் வந்து, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டார்கள்.

ஊத்தங்கரை_மாணவன்
ஏப்ரல் 5, இரவு 9:03

அண்ணா, நான் தங்கியிருக்கும் அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஃபேன் மாட்ட ஓட்டை போட வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். இதுவும் ஆபத்தா?

காவேரிப்பட்டணம்_தச்சர்
ஏப்ரல் 5, இரவு 9:44

தம்பி, உடையாமல் பொடியாமல் இருக்கும் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும், பெரிதாகப் பறக்காது. ஓட்டை போடுவது, அறுப்பது, ஆணி அடிப்பது, காய்ந்த பாசியைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்ப்பது, இதில்தான் நார் காற்றில் கலக்கும். சுவாசித்தவருக்கு இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்தும் நுரையீரல் உறையில் புற்றுநோய் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் முழுக்கத் தடை செய்துவிட்டது. இங்கே சுரங்கத்துக்குப் புது அனுமதி கிடையாது, ஆனால் இறக்குமதி செய்து ஷீட் போடுவதற்குத் தடையில்லை. ஷீட்டைத் தொடாமல் கீழே இரும்புக் குழாய் கொடுத்து ஃபேனை அதில் தொங்கவிடச் சொல். கட்டாயம் போட்டே ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தை நன்றாக நனைத்துக் கை டிரில்லில் மெதுவாகப் போட வேண்டும், நீ அறையில் இருக்காதே. உடைந்த துண்டைத் திண்ணைக்கு முட்டுக் கொடுக்காதே.

பாலக்கோடு_தக்காளி
ஏப்ரல் 6, காலை 5:55

செவிலித் தங்கச்சி சொன்னதை இரண்டு தடவை படித்தேன். என் மனைவிக்கும் அந்த இளைப்புதான். நாற்பது வருட அடுப்பு என்று நான் பெருமையாக எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தச்சர் தம்பி, அடுத்த மாதம் மகனுக்குக் கப்போர்டு போடுகிறோம். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

காவேரிப்பட்டணம்_தச்சர்
ஏப்ரல் 6, மதியம் 2:10

அண்ணா, பணம் இருந்தால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் போட்ட மரைன் பிளைவுட். அதில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை, நன்றாக இறுகிவிடும், வாயு மிகக் குறைவு. ஓரத்தில் பசைக் கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும். ஆனால் கலர் கலந்த பசையும் வருகிறது, கோட்டை மட்டும் நம்பாதீர்கள். ஒரு துண்டைப் பாத்திரத்தில் போட்டு நாலைந்து மணி நேரம் கொதிக்கவிடுங்கள். யூரியா பசை என்றால் அட்டை மாதிரி உரிந்து வரும். எம்.டி.எஃப்தான் வாங்க முடியும் என்றால் ஈ1 அல்லது ஈ0 (வாயு குறைவாக விடும் பலகைக்கான குறியீடு) தரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஆறு பக்கமும் மூடச் சொல்லுங்கள். ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டை, உள் மைக்கா, குழிகளில் சீலர், எல்லாம் சேர்த்துத்தான் கூலி பேச வேண்டும். படுக்கையறையைக் குறைத்துக்கொள்ளுங்கள். துணி வைக்கச் சுவரில் கடப்பா கல் தட்டு போட்டு, முன்னால் மட்டும் மரக் கதவு வைத்தால் போதும். அந்தக் காலத்து வீடுகளில் அப்படித்தானே இருந்தது.

அப்புறம் தேதி. முகூர்த்தத்தில் பால் காய்ச்சுங்கள், சொந்தக்காரருக்குச் சாப்பாடு போடுங்கள், பழைய வீட்டுக்கே திரும்பிப் போய்விடுங்கள். புது வீட்டின் ஜன்னலையும் கப்போர்டுக் கதவையும் திறந்துபோட்டு நாலைந்து வாரம் விடுங்கள். தையில் பால் காய்ச்சியவர்கள் சித்திரை வரை பொறுத்தால் இன்னும் நல்லது, வெயிலே பாதியை வெளியே இழுத்துவிடும். ஆள் இல்லாத வீட்டில் அது வெளியேறட்டும்.

நல்லம்பள்ளி_அப்பா
ஏப்ரல் 27, இரவு 9:35

மூன்று வாரமாயிற்று, என்ன நடந்தது என்று சொல்கிறேன். மறுநாளே பாப்பாவை ஹாலில், ஜன்னலோரம், கொசுவலைக்குள் படுக்கவைத்தோம். சுருளை நிறுத்தினோம். காவேரிப்பட்டணம் அண்ணனே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். கூலி வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தோம். கட்டில் பெட்டியையும் லாஃப்ட்டின் பின்பலகையையும் கழற்றிவிட்டார். மீதிப் பச்சை ஓரங்களுக்கெல்லாம் மைக்காவும் சீலரும் போட்டார். அதன் நெடி அடங்கும்வரை யாரும் உள்ளே படுக்கக்கூடாது என்று அறையைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

நடுவில் இணையத்தில் ஒரு காற்றுமானி வாங்கினேன். மனைவி கையில் சானிடைசர் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாலே சிவப்பு காட்டுகிறது. விலை குறைந்த கருவிகளுக்கு ஆல்கஹாலும் ஃபார்மால்டிஹைடும் பிரித்துத் தெரியாதாம். யாரும் அதை நம்பிப் பணம் போடாதீர்கள். பாப்பாவின் நோட்டுதான் எங்களுக்கு மானி. முதல் வாரம் ஐந்து இரவு இருமல், இரண்டாம் வாரம் இரண்டு, இந்த வாரம் ஒன்றுகூட இல்லை. டாக்டர் நோட்டை முழுக்கப் படித்தார், சிரப்பைக் குறைத்திருக்கிறார். சுருளா பலகையா, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஈயப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம், முடிவு வரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். கழற்றிய பலகைத் துண்டுகளை அம்மா பென்னாகரத்துக்கு எடுத்துப் போய்விட்டார், வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று.

காவேரிப்பட்டணம்_தச்சர்
ஏப்ரல் 27, இரவு 9:41

எரிக்க விடாதீர்கள் அண்ணா. பசை, மைக்கா, பாலிஷ் எல்லாம் சேர்ந்து எரியும் புகை அது. அந்த அடுப்பங்கரையில் குனிந்து ஊதுவது அம்மாதான். இப்போதே போன் போடுங்கள்.

நல்லம்பள்ளி_அப்பா
ஏப்ரல் 27, இரவு 10:02

போட்டேன். நாலு துண்டு ஏற்கெனவே எரித்துவிட்டாராம், கண் ரொம்பக் கரித்தது என்றார். மீதியை மாட்டுக்கொட்டகைக்கு வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். காலையில் பைக்கில் போய் எடுத்து வந்துவிடுகிறேன்.